கறிக்காகக் கௌதாரி சுடலாமா?

கேள்வி இதுதான்: “பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நானும் என் மைத்துனரும் ஏர்கன்னை எடுத்துக்கொண்டு எங்கள் சொந்தத் தோட்டத்திலேயே கௌதாரி, மடையான், புள்ளிப்புறா என்று நாலைந்து சுட்டு வந்து வீட்டில் சமைத்துச் சாப்பிடுவோம். விற்பதில்லை. துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். இது குற்றமா? குற்றம் என்றால், கடையில் கோழி வெட்டி வாங்குவதற்கும் இதற்கும் நியாயப்படி என்ன வேறுபாடு?”

முதல் பாதிக்கு நீட்டி முழக்க வேண்டியதில்லை: குற்றம்தான். இரண்டாம் பாதி அவ்வளவு எளிதன்று. அதைச் சட்டப் புத்தகத்தைக் காட்டி வாயடைத்துவிடுவது கேட்டவருக்குச் செய்யும் அவமரியாதை என்பதால், இரண்டையும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், தன் அட்டவணைகளில் இடம்பெற்ற உயிரினங்களை வேட்டையாடுவதை 9-ஆம் பிரிவில் தடை செய்கிறது. கௌதாரியும் மடையானும் புள்ளிப்புறாவும் அந்த அட்டவணைகளுக்குள் வருபவை. ‘வேட்டை’ என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் பொருள் நாம் பேச்சில் கொள்ளும் பொருளைவிட மிகவும் விரிந்தது: கொல்வது மட்டுமன்றி, கண்ணி வைப்பது, விரட்டிப் பிடிப்பது, இரை வைத்து ஈர்ப்பது, நஞ்சு வைப்பது, இவற்றுக்கு முயல்வது, பறவைகளின் முட்டையை உடைப்பது, கூட்டையோ முட்டையையோ குலைப்பது என எல்லாம் அதில் அடங்கும். ஆகவே குறி தவறிப் பறவை பறந்து போயிருந்தாலும் சுட்டவர் தப்பியவர் ஆகமாட்டார். ‘வன’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இது காட்டுக்குள் நடப்பதற்கான சட்டம் என்று நினைப்பவர்கள் ஏராளம். பாதுகாப்பு நிலத்துக்குத் தரப்பட்டதன்று, பறவைக்குத் தரப்பட்டது. பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் வரப்பில் மேயும் கௌதாரியும் உங்கள் பெயருக்கு மாறிவிடுவதில்லை. சட்டத்துக்குப் புறம்பாக வேட்டையாடப்பட்ட உயிரினமும் அதன் இறைச்சியும் அரசின் சொத்து என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது.

இதைச் சொன்னதும் பெரும்பாலும் வரும் மறுமொழி, “எங்கள் தாத்தா காலத்தில் எல்லாரும் சுட்டார்களே” என்பது. அது பொய்யன்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டமே, தொடக்கத்தில், சிறு வேட்டைக்கு உரிமம் வழங்க இடம் வைத்திருந்தது. வாத்து, காடை, கௌதாரி போன்றவை அந்த வகையில் வந்தன. என் சித்தப்பாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. அறுவடை முடிந்த தாள்வயலில் அவர் முன்னே நடக்க, விழுந்த பறவையை ஓடி எடுத்து வருவது சிறுவனான என் வேலை. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிம முறையை முழுவதும் எடுத்துவிட்டது. அதன்பின் உணவுக்கென்றோ பொழுதுபோக்குக்கென்றோ காட்டுப் பறவையைச் சுட எந்த அலுவலரும் அனுமதிச் சீட்டு தர முடியாது. சித்தப்பாவுக்கு இந்தச் செய்தி வந்து சேரவே சில ஆண்டுகள் ஆயின. இன்னும் பல வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை என்றே உங்கள் கேள்வியைப் பார்த்தால் தோன்றுகிறது.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அட்டவணைகளை ஆறிலிருந்து நான்காகக் குறைத்தது. விலங்குகளும் பறவைகளும் இப்போது முதலிரண்டு அட்டவணைகளில் இருக்கின்றன. காகத்தையும் எலியையும் தீங்குயிர் என்று ஒதுக்கி வைத்திருந்த பழைய ஐந்தாம் அட்டவணையே நீக்கப்பட்டது. தண்டனை, பொதுவாக, 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் போன்ற முதல் அட்டவணை உயிரினமாக இருந்தாலோ, சரணாலயத்துக்குள் சுட்டிருந்தாலோ, குறைந்தது 3 ஆண்டு, கூடியது 7 ஆண்டு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சிறு குற்றங்களில் வனத்துறை இணக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துவைக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்தக் கட்டணத்தின் உச்சவரம்பும் 25,000-இலிருந்து 5 லட்சமாக உயர்ந்திருக்கிறது. சுட்ட துப்பாக்கி, போன வண்டி இரண்டும் பறிமுதலுக்கு உரியவை.

ஏர்கன் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல்விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவையும் தாண்டாத காற்றுத்துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அந்த விலக்கு இரும்புக்கும் மரக்கட்டைக்கும் உரியது. அதன் முன்னால் வந்து உட்காரும் பறவைக்கு உரியதன்று. அரிவாள் வாங்க யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை என்பதால் அதைக் கொண்டு செய்வதெல்லாம் முறையாகிவிடாது. உரிமம் பெற்ற பெரிய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு: சரணாலயத்திலோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ வசிப்பவர்கள் தங்கள் ஆயுதத்தை வனத்துறையிடமும் பதிந்துகொள்ள வேண்டும் என்று 34-ஆம் பிரிவு கூறுகிறது. நம் ஏரிகள் பலவும் பறவைச் சரணாலயங்களாகிவிட்ட நிலையில் இது பலரைத் தொடும்.

‘விற்பதில்லை’ என்பதும் காப்பாற்றாது. விற்பது தனிக் குற்றம், வாங்குவதும் குற்றம், உணவகத்தில் உரிமமின்றி வன உயிரின இறைச்சியைச் சமைத்துப் பரிமாறுவதும் 44-ஆம் பிரிவில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலைக் கடையில் “காட்டுக் காடை இருக்கிறது, அண்ணே” என்று காதருகே சொல்லப்படும்போது, சொல்பவரும் தலையாட்டுபவரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: பறவையோ இறைச்சியோ உங்கள் கையில் இருப்பதாக அரசுத் தரப்பு நிறுவிவிட்டால், அது முறையாக வந்தது என்று காட்டும் பொறுப்பு 57-ஆம் பிரிவின்படி உங்கள் தலையில் விழுகிறது. “யார் பார்த்தார்கள்?” என்ற வாதம் இங்கே எடுபடாது.

நான் வழக்குரைஞராக நின்ற ஒரு வழக்கு. மார்கழி மாதம், ஓர் ஏரிக்கரை, மூன்று இளைஞர்கள், ஐந்து நீலச்சிறகி வாத்துகள். பறவைகளின் காலைக் கட்டித் தோளில் தொங்கவிட்டுப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் வைத்திருந்தார்கள். அன்று மாலையே வனச்சரகர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஐந்தையும் உரித்தால் கறி ஒரு கிலோவைத் தாண்டியிருக்காது. மூவரில் ஒருவர் வளைகுடா வேலைக்கு விசாவுக்காகக் காத்திருந்தார்; காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் வழக்கால் நின்றுபோனது, வேலையும் போனது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். சிறகி சைபீரியப் பக்கத்திலிருந்து வரும் விருந்தாளி என்று அவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. அது சட்டத்தில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

விதிவிலக்குகள் மிகக் குறைவு. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் கொன்றால் குற்றமில்லை. ஆனால் கௌதாரி யாரையும் தாக்கியதாக வாதாடுவதற்கு நான் தயாராக இல்லை. பயிருக்குச் சேதம் விளைவிக்கும் உயிரினத்தைப் பற்றி மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதி அனுமதி கேட்கலாம். முதல் அட்டவணையில் உள்ளவற்றுக்குப் பயிர்ச்சேதம் ஒரு காரணமாகவே ஏற்கப்படாது என்பதால், நிலக்கடலையை மயில் கிளறிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயிக்கு அந்தக் கதவும் அடைத்தே கிடக்கிறது. அவர் குமுறல் நியாயமானது. அது தனியே பேச வேண்டிய பொருள். நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும் அவர்களுடைய வேட்டை உரிமையைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, காடுவாழ் மக்களின் மரபுரிமைகளை அடுக்கிவிட்டு, வேட்டையாடும் உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கிவிட்டது.

இந்த இடத்தில் நரிக்குறவர்களைப் பற்றிச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. கண்ணியும் நாட்டுத்துப்பாக்கியும் அவர்களுடைய பிழைப்பாக இருந்தன. வயலில் எலியையும் நரியையும் பிடித்துத் தரச் சொல்லி மிராசுதார்களே அவர்களை அழைத்த காலம் உண்டு. சட்டம் அந்தத் தொழிலை ஒரே கையெழுத்தில் குற்றமாக்கியது. மாற்றாக எதைத் தந்தது என்று பார்த்தால், பாசிமணியும் ஊசியும் விற்கும் சாலையோரம்தான் மிஞ்சியது. அவர்களைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்ட முன்வடிவு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். நரிக்குறவர் ஒருவர் நான்கு காடையோடு பிடிபட்டால் செய்தித்தாளில் படம் வருகிறது. பண்ணை வீட்டு விருந்தில் சுட்டவர்களின் படம் அவ்வளவு எளிதில் வருவதில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றே என்றாலும் அது யார் மீது முதலில் விழுகிறது என்பதையும் நியாயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி கோழி. உங்கள் வாதத்தின் வலுவான வடிவத்தை நானே சொல்லிவிடுகிறேன். கறிக்கோழி ஆறு வாரம் நெருக்கடியான கொட்டகையில் தன் உடல் எடையைத் தன் கால்களே தாங்கமுடியாமல் வளர்ந்து, கூண்டில் அடைபட்டு லாரியில் ஏறி, கடை வாசலில் வரிசையில் காத்திருந்து சாகிறது. கௌதாரியோ தன் விருப்பம்போல் மேய்ந்து, குஞ்சு பொரித்து, ஒரு காலைப் பொழுதில் விழுகிறது. துன்பத்தை மட்டும் தராசில் வைத்தால், கோழிக்கடைக்காரரைவிட நீங்கள் தாழ்ந்தவர் என்று சொல்ல என்னால் முடியவில்லை. கறியே உண்ணாதவர் இருவரையும் ஒரே குரலில் கண்டிக்கலாம். அது முரணில்லாத நிலை. நான் கறி உண்பவன். எனக்கு அந்த உரிமை இல்லை.

ஆனால் அந்தக் காலைப் பொழுது நீங்கள் சொல்வதுபோல் சுத்தமாக நடப்பதில்லை. சித்தப்பாவோடு போன நாள்களில், குளத்தங்கரையில் உட்கார்ந்து சிறகு பிடுங்குவதும் என் வேலையாக இருந்தது. ஒருநாள் ஒரு சிறகியின் மார்புச் சதையை அம்மா கீறியபோது, அன்றைக்குச் சுட்டதன்று என்று பார்த்தவுடனே தெரியும்படி, கறுத்துப்போன ஓர் ஈயக்குண்டு வெள்ளைச் சவ்வு மூடி உள்ளே இருந்தது. எங்கோ யாரோ சுட்டு, விழாமல் தப்பி, அந்தக் காயத்தோடு பறந்து எங்கள் ஏரிக்கு வந்திருக்கிறது. பின்னாளில் படித்தபோதுதான் அது அபூர்வமன்று என்று அறிந்தேன். டென்மார்க்கில் 1990-களின் தொடக்கத்தில் இளஞ்சிவப்புக் கால் கொண்ட ஒருவகைக் காட்டுவாத்துகளை உயிரோடு பிடித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதிர்ந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உடலில் குண்டோடு திரிந்தது. உரிமமும் பயிற்சியும் பெற்ற வேட்டைக்காரர்கள் உள்ள நாட்டிலேயே அப்படி என்றால், 4.5 மில்லிமீட்டர் ஏர்கன்னால் முப்பது மீட்டர் தொலைவிலிருந்து அடிபட்டு, இறக்கை முறிந்து, கருவேலம் புதருக்குள் ஓடி மறையும் கௌதாரியைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. கொண்டுவந்த நான்கைத்தான் நீங்கள் எண்ணுகிறீர்கள். கிடைக்காமல் போனவை உங்கள் கணக்கிலேயே இல்லை.

கணக்கு என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோழிக்கு ஒரு கணக்கு இருக்கிறது: வெட்டிய இடத்தில் இன்னொன்றை வளர்க்க ஒருவர் தீனி போடுகிறார். காட்டுப் பறவைக்கு யாரும் தீனி போடுவதில்லை. எடுப்பதை ஈடுசெய்வது அதன் கூடு மட்டுமே. நீங்கள் ஒருவர் மட்டும் சுடும்போது குறை தெரியாது. ஊருக்கு நால்வர் சுட்டால், எத்தனை போயின என்று சொல்லக்கூடியவர் எவருமில்லை. 942 இனங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 178 இனங்களை உடனடிக் கவனம் தேவைப்படுபவையாக வகைப்படுத்தியது. மிகவும் குறைந்துவருவதாக அது தனியே சுட்டிய பதினான்கில் கிளுவை என்னும் வாத்தும் பனங்காடையும் இருக்கின்றன. (பனங்காடைக்குக் காடை என்று பெயர் இருந்தாலும் அது காடைக் குடும்பமே இல்லை, மின்கம்பியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் நீலச் சிறகுப் பறவை அது.) இந்தச் சரிவுக்கு வேட்டை ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஏரிகள் சுருங்கியதும் பூச்சிமருந்தும் பெருங்காரணங்கள். ஏற்கெனவே இளைத்த கணக்கிலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

அப்படியானால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் வாத்து சுடுகிறார்களே என்று கேட்கலாம். சுடுகிறார்கள், ஆனால் பெரிய பாடம் படித்த பிறகு. வானத்தை மறைத்துப் பறந்ததாகச் சொல்லப்பட்ட பயணிப்புறாவை அந்த நாடு கறிக்காகச் சுட்டும் வலைவீசியும் தீர்த்தது. கடைசிப் பறவையான மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சியகத்தில் இறந்தது. 1918-இல் வலசைப் பறவைகளுக்கான சட்டம் வந்தது. 1934-இலிருந்து வாத்து சுடுபவர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முத்திரைவில்லை வாங்கவேண்டும் என்றும் அந்தப் பணம் நீர்நிலைகளை வாங்கிப் பேணுவதற்கே போகவேண்டும் என்றும் ஆனது. 1991 முதல் நீர்ப்பறவைகளை ஈயக்குண்டால் சுடவும் தடை. எந்த இனம், எந்த மாதம், ஒரு நாளைக்கு எத்தனை என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து வரம்பு போடுகிறார்கள். அத்தகைய ஏற்பாட்டுக்குள் உணவுக்காகச் சுடுவது அறத்துக்கு முற்றிலும் புறம்பானது என்று நான் வாதிடமாட்டேன். நம்மிடம் அந்த எண்ணிக்கையும் இல்லை, அதைக் கண்காணிக்கும் ஆளும் இல்லை. இந்த நிலையில் முழுத்தடைதான் நம்மால் நடைமுறைப்படுத்தக்கூடிய ஒரே வரம்பு என்பது என் கருத்து. அதுவும் எவ்வளவு ஓட்டையோடு நடக்கிறது என்பதை நாம் அறிவோம்.

தடையை மேலிருந்து மட்டும் போட்டால் அது ஓட்டையாகத்தான் இருக்கும் என்பதற்கு நாகாலாந்தின் பாங்டி கிராமம் நல்ல சான்று. தொயாங் அணையில் வயலை இழந்து மீன்பிடிக்க இறங்கிய அந்த மக்கள், ஆண்டுதோறும் ஐப்பசியில் சைபீரியா, சீனப் பகுதிகளிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் அங்கே தங்கும் அமூர் வல்லூறுகளை மீன்வலையையே மரங்களுக்கிடையே கட்டிப் பிடித்தார்கள். தின்றது போக, புகைபோட்டு விற்றார்கள். 2012-இல் ஒரே பருவத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டு உலகமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு ஒன்றுகூடக் கொல்லப்படவில்லை. சட்டம் 2012-இலும் இருந்தது. புதிதாக வந்தது கிராம மன்றங்களின் தீர்மானமும், தேவாலயங்களின் பேச்சும், மாற்றுப் பிழைப்புக்கான முயற்சியும். 2013-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிட்ட மூன்று வல்லூறுகளில் ஒன்றுக்குப் பாங்டி என்றே பெயர் வைத்தார்கள்.

நம் பக்கத்தில் இந்தக் கதை இன்னும் பழையது. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறுக்கமாட்டாமல் ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798 வாக்கில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுத்து வாங்கினார்கள். பக்தி மட்டும் காரணமன்று: எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்ற விவசாயக் கணக்கு அதில் இருந்தது. பறவையை யார் சொத்து என்று அவர்கள் பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. சுட்டு எடுத்தால் ஒருவன் வீட்டுக் குழம்பு. விட்டுவைத்தால் ஆயக்கட்டு முழுவதற்கும் உரம்.

உடல்நலத்தைப் பற்றி இரண்டு வரி. ஏர்கன் குண்டு பெரும்பாலும் ஈயம். எலும்பில் மோதிச் சிதறும் துணுக்குகளைக் கண்ணால் பொறுக்கி எடுக்க முடியாது, குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. கரையில் ‘புதிதாகச் செத்தது’ என்று விற்கப்படும் வாத்து குருணைமருந்து கலந்த நெல்லைத் தின்று செத்ததாக இருக்கலாம், காட்டுவாத்துகள் பறவைக்காய்ச்சல் கிருமியைச் சுமப்பவையும்கூட.

கடைசியாக, உங்கள் ஏர்கன்னை விற்றுவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. பின்னால் மண்மேடு இருக்கும்படி பார்த்துத் தகரடப்பாவை வைத்துச் சுடுங்கள். மைத்துனரோடு பந்தயமும் கட்டலாம். கறிக்கு, பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை நம் ஊர்களில் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கும்போது எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிளகும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போட்டு, நல்லெண்ணெயில் வதக்கி, மண்சட்டியில் சுண்டவிட்டுப் பாருங்கள். கௌதாரிக்கு ஈடாகாது என்று மைத்துனர் சொல்வார். சித்தப்பாவின் கௌதாரிக் குழம்பைத் தின்று வளர்ந்த எனக்கும் அப்படித்தான் படுகிறது.